வேசம் கலைஞ்ச பொறகும் சாமி

வணக்கம் நேயர்களே. வெள்ளென எழும்பி ரேடியோவப் போட்டுட்டு ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்குற அம்மாமாருக்கும் பெரட்டுக்கு, அதான் காலையில வேலைக்குப் பேரு குடுக்குற எடத்துக்கு, கெளம்புறவங்களுக்கும் தனியா ஒரு வணக்கம்.

நம்ம இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்கள்ல பாட்டிமாரு பேரப்புள்ளைங்கள எப்படிக் கூப்புடுவாங்க? "வா சாமி, இந்தத் தேத்தண்ணியக் குடி சாமி." மூக்கு ஒழுகிக்கிட்டு நிக்கிற புள்ளயத்தான் சாமிங்குறாங்க. அது சும்மா வாய்ப் பழக்கம்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன், இப்ப அப்படி நெனக்கிறது இல்ல.

ஏன்னு சொல்லணும்னா காமன் கூத்துக்குத்தான் போகணும். சிவன் மன்மதன எரிச்ச கதைய ஆடுற அந்தக் கூத்துன்னா எனக்கு உசுரு. மாசி மாசம் பொறை தெரிஞ்சதும் கம்பம் நட்டு, காப்புக் கட்டி, தப்பு சத்தம் கேக்க ஆரம்பிச்சிரும், பௌர்ணமி ராத்திரி சிவன் காமன எரிக்கிற வரைக்கும் லயத்துல, அதான் எங்க வரிசை வீடுகள்ல, யாருக்கும் சரியாத் தூக்கம் இருக்காது. காமனோட பொஞ்சாதி ரதி, அந்த வேசம் கட்டுறது ஆம்பளதான், உங்களுக்குத் தெரியும். எங்க தோட்டத்துல எங்க மாமாதான் ரதி, அம்மாவோட கூடப்பொறந்த தம்பி. பகல்ல தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டுற மனுசன். காப்புக் கட்டிட்டா கறி மீனு கெடையாது, பொஞ்சாதிகூட எட்டி நின்னுதான் பேசணும்.

அந்த வருசம் அம்மாவும் மாமாவும் பேச்சுவார்த்தை இல்ல. லயத்துக்குப் பின்னால இருந்த துண்டு மரக்கறித் தோட்டம், அதுல யாரு லீக்ஸ் போடுறதுங்குற சண்டை. ஒரு வருசமா ஒரே பீலியில தண்ணி புடிச்சாங்க, மொகம் பாத்துக்க மாட்டாங்க.

ரதியும் மதனும் வீடு வீடா ஆடி வர்றாங்க. எங்க இஸ்தோப்புக்கு வந்து நின்னாச்சு. அம்மா என்ன செய்வாங்க? வந்து நிக்கிறது தம்பி இல்லையே, சாமியாச்சே. ஆரத்தி எடுத்து, குனிஞ்சு அந்தக் காலுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க. கவ்வாத்துல வெடிச்ச குதிங்கால், அதுல சலங்கை. மாமா திருநீறு பூசுறப்போ அவரு கை நடுங்குச்சு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல.

மறுநாள் வெள்ளென அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் சுத்தி என் கையில குடுத்து, "மாமாவுக்குக் கொண்டுபோயி குடு"ன்னாங்க. நான் மொகத்தப் பாத்தேன். "ராத்திரி அவன் காலக் கும்பிட்டேன், விடிஞ்சதும் எப்படிடா மொகத்தத் திருப்புறது?"ன்னு கேட்டாங்க. பெரட்டுக்களத்துல மாமா தோள்ல சாக்கோட நிக்கிறாரு, காது மடல்ல மட்டும் அரிதாரம் போகாம ஒட்டிக்கிட்டு இருக்கு. நான் பாத்த சாமி அதுதான் நேயர்களே, கிரீடம் வச்சது இல்ல, காதுல அரிதாரத்தோட ரொட்டி வாங்குனது.

இதத்தான் சொல்ல வந்தேன், வேசம் இருக்குறப்போ கும்புடுறோம், கழுவுனதும் மறந்துர்றோம். வீட்டுல நமக்கு முன்னால தட்டு வைக்கிற கை யாரு கைன்னு நிமிந்து பாக்குறதில்ல. சில பேருக்கு அது புரியுறப்போ நேரம் முடிஞ்சு போயிருக்கும். 1964ல இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவுல சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்துச்சு, நம்ம ஆளுங்கள்ல 5,25,000 பேரு இந்தியாவுக்குன்னு எழுதுனாங்க. எங்க அப்பாயியோட அண்ணனும் அதுல ஒரு ஆளு. எழுபதுகள்ல அவரு இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போக அட்டன் ஸ்டேசன்ல கோச்சி ஏறுன அன்னைக்கு, அப்பாயி பிளாட்பாரத்துல அப்படியே அவரு கால்ல விழுந்திருச்சு. அதுக்கு முந்தி தெனம் சண்டதான். "எந்தக் கோயில்லயும் நான் அப்படி விழுந்ததில்ல சாமி"ன்னு சாகுற வரைக்கும் சொல்லும். அவரத் திரும்பப் பாக்கவே இல்ல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ரெண்டு வெரலக் காட்டுறாரு, ரெண்டு நிமிசந்தான் இருக்காம். கூட்டாளிமாரப் பத்தி நெறைய எழுதி வச்சிருந்தேன், ஒருத்தன மட்டும் சொல்லிர்றேன். சேர்ச்சுக்குப் போறவன், எங்க மாரியம்மன் தேருக்கு வடம் புடிப்பான். எங்கம்மா செத்தன்னைக்கு அடை மழை, நான் சொல்லி அனுப்பவே இல்ல, மம்பட்டியோட வந்து குழி வெட்டுனான், எல்லாம் முடிஞ்சு என் தலையத் தொவட்டி விட்டுட்டு நனைஞ்சபடியே போயிட்டான். அன்னைக்கு அவனுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கல. இப்ப இதக் கேட்டுக்கிட்டுதான் இருப்பான். கூட்டாளி, சாயந்தரம் வீட்டுல இரு, நான் வர்றேன்.

வணக்கம்.