70 சென்டிமீட்டர் வாள், 15 மீட்டர் பூச்சி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானியப் போர்வீரரான சாமுராயின் கட்டானா வாளை எடுத்துக்கொண்டால், அதன் அலகு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். பிடியையும் சேர்த்தால் ஒரு மீட்டரை நெருங்கும். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. இதைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக் கூரைக்கு மேலே தலை நீட்டுகிற ஒரு பூச்சியோடு ஒருவன் மோத வேண்டும். சாமுராய்கள் ராட்சத விலங்குகளோடு சண்டையிடும் மங்காக்கள், அதாவது ஜப்பானியப் படக்கதைகள், எல்லாவற்றுக்கும் இதுதான் சிக்கல். வாள் சின்னது, எதிரி மிகப் பெரியது, இரண்டும் ஒரே கட்டத்துக்குள் அடங்க வேண்டும், படிக்கிறவர் நம்பவும் வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஹிரோஷி ஃபுகுதாவின் ‘முஷிபுகியோ’வை எடுத்துக்கொள்வோம். ஷோனென் சண்டே வார இதழில் 2011 முதல் 2017 வரை வந்த தொடர். தொகுப்பாக 32 நூல்கள். 2013-ல் 26 பகுதிகள் கொண்ட அனிமேயாகவும், அதாவது அசைபடத் தொடராகவும், வந்தது. கதை நடப்பது எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஊரைத் தாக்கும் ராட்சதப் பூச்சிகளை ஒழிக்க, ஷோகன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சி ஒரு தனி அலுவலகம் வைத்திருக்கிறது. எடோவில் ‘மாச்சி புகியோ’ என்ற நகர நிர்வாக அதிகாரிகள் நிஜமாகவே இருந்தார்கள். வடக்கு, தெற்கு என்று இரண்டு அலுவலகங்கள், மாதம் மாற்றி மாதம் பொறுப்பு. ‘மாச்சி’ என்றால் நகரம். அதை எடுத்துவிட்டு ‘முஷி’யைப் போட்டதுதான் கதையாசிரியரின் குறும்பு. முஷி என்றால் பூச்சி. ஆனால் ஜப்பானியர்கள் சிலந்தியையும் பூரானையும்கூட முஷி என்பார்கள். நமக்கு இது விளங்காத விஷயமில்லை. சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்கிறவர்கள்தானே நாமும்.

காலத்தைத் தேர்ந்ததிலும் சூட்சுமம் உண்டு. 1716 முதல் 1736 வரையிலான ஆண்டுகளை ஜப்பானில் கியோஹோ காலம் என்பார்கள். 1732-ல் மேற்கு ஜப்பானில் கியோஹோ பஞ்சம் வந்தது. குளிர்ந்த, மழை மிகுந்த கோடையைத் தொடர்ந்து நெல் வயல்களில் தத்துப்பூச்சி பெருகி, விளைச்சலை அழித்தது. ஜப்பானில் ‘உன்கா’ எனப்படும் இந்தத் தத்துப்பூச்சிகளில் ஓர் இனம்தான் நம் காவிரிப் படுகை விவசாயிகள் சபிக்கும் புகையான். நாலைந்து மில்லிமீட்டர் பூச்சி, ஒரு நாட்டையே பட்டினி போடும். ராட்சதப் பூச்சிக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான காலம் கிடைக்காது.

அந்தப் பூச்சியை எப்படி ஒழித்தார்கள் என்பதும் கேட்க வேண்டிய ஒன்று. வயலில் தண்ணீரைத் தேக்கி, அதன் மேல் திமிங்கில எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவிய பிறகு பயிரைத் தட்டுவார்கள். பூச்சிகள் உதிர்ந்து எண்ணெயில் விழும். பூச்சிக்கு மூக்கு கிடையாது. உடலின் பக்கவாட்டில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான் மூச்சு. எண்ணெய் அவற்றை அடைத்துவிடும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வயலில் இது பலிக்காது, எண்ணெய் மடை வழியாகப் போய்விடும். 1826-ல் ஒகுரா நாகட்சுனே என்ற வேளாண் எழுத்தாளர் இந்த முறையைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார்.

எண்ணெய் வாங்க வழியில்லாத ஊரில் சடங்குதான். பெயர் ‘முஷி ஒகுரி’, பூச்சியை வழியனுப்புதல். தீவட்டியும் மேளமுமாக, வைக்கோலால் செய்த ஒரு குதிரை வீரன் பொம்மையை ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடுவார்கள். அந்த வீரன் சைட்டோ சனேமோரி. 1183-ல் ஷினோஹாரா போரில் இறந்த கிழட்டுச் சாமுராய். வயது தெரியக் கூடாதென்று நரையைக் கருப்பாக்கிக்கொண்டு களத்துக்கு வந்தவர். நெல் தாளில் இடறி விழுந்ததால்தான் தலை போனது, அந்த ஆத்திரத்தில் நெல்லைத் தின்னும் பூச்சியாக மாறினார் என்பது நாட்டுப்புற நம்பிக்கை. ஆக, சாமுராயும் பூச்சியும் அங்கே பழைய பகையாளிகள்.

இனி வரைகிற வேலைக்கு வருவோம். வானொலியில் படம் காட்ட வழியில்லை. பக்கத்தில் தாளும் பென்சிலும் அளவுகோலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கும்பிடுபூச்சி ஒன்றை 15 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்பதாக வரையப் போகிறோம். தாளில் அதன் உயரம் 20 சென்டிமீட்டர். முதலில் பூச்சியைத் தொடாதீர்கள். கிடைமட்டமாக ஒரு கோடு போடுங்கள். இது தொடுவானக் கோடு. பார்க்கிறவரின் கண் உயரம். எடோ காலத்து ஜப்பானிய ஆணின் சராசரி உயரம் ஏறத்தாழ 155 சென்டிமீட்டர், ஆகவே கண் உயரத்தைக் கணக்கின் வசதிக்கு ஒன்றரை மீட்டர் என்று கொள்வோம். ஒன்றரை மீட்டர் என்பது 15 மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எனவே பூச்சியின் பாதத்தை அந்தக் கோட்டுக்கு 2 சென்டிமீட்டர் கீழே வையுங்கள், தலையை 18 சென்டிமீட்டர் மேலே கொண்டுபோங்கள். சமதளத் தரையில் பூச்சி எவ்வளவு தூரத்தில் நின்றாலும் இந்த ஒன்றுக்கு ஒன்பது மாறாது. தூரம் போகப் போகப் பூச்சி சுருங்கும், விகிதம் அப்படியே இருக்கும். சாமுராய் எங்கே நின்றாலும், அருகில் பெரிதாக நின்றாலும் தள்ளிச் சிறிதாக நின்றாலும், அவன் கண் அந்தக் கோட்டில்தான் இருக்க வேண்டும்.

புதிதாக வரைகிறவர்கள் தவறுவது இங்கேதான். தாள் நிறையப் பூச்சியை வரைந்து முடித்துவிட்டு, பின்னணிக்கென்று கோட்டை அதன் இடுப்பில் போடுவார்கள். அப்படிப் போட்டால் பார்க்கிறவரின் கண் ஏழரை மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும், அதாவது மாடியில் நின்று பார்க்கிற பார்வை. தரையில் நிற்கும் சாமுராயை அந்தப் படத்தில் சேர்த்தால் ஒன்று அவன் பொம்மையாகத் தெரிவான், இல்லையென்றால் பூச்சி ஆளுயரத்துக்கு வந்துவிடும். “எவ்வளவு பெரிதாக வரைந்தும் பெரிதாகத் தெரியவில்லையே” என்று புலம்புகிறவர்களின் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோட்டை.

அடுத்தது கோட்டின் தடிமன். மங்காவில் ஜி பேனா என்றொரு நிப் உண்டு. அழுத்தினால் பட்டையாகவும் விட்டால் மெலிதாகவும் மை இறங்கும். பூச்சியின் காலடியை இதனால் தடிமனாகப் போட்டு, மேலே போகப் போகக் கோட்டை மெலிதாக்க வேண்டும். தலைக்கு மாரு பேனா என்ற ஊசி நிப். உச்சி தொலைவில் இருக்கிறது என்பதைச் சொல்வது இந்த மெலிவுதான். ஆனால் தலைதான் வரைய ஆசையான இடம். கொம்பும் கண்ணும் பல்லுமாகத் தலையிலேயே கெட்டி மையைக் கொட்டிவிடுவார்கள். தலை கண்முன்னே வந்து நிற்கும், 15 மீட்டர் 3 மீட்டராகிவிடும்.

பெரிதைப் பெரிதாகக் காட்டுவது அதைச் சுற்றியுள்ள சில்லறைச் சாமான்கள். கூரை ஓடு, மரவாளி, அறுந்த வைக்கோல் செருப்பு, இப்படி எல்லாருக்கும் அளவு தெரிந்த பொருள்கள். எடோவின் ஏழை மக்கள் வாழ்ந்த வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்தின் இடம் 2.7 மீட்டருக்கு 3.6 மீட்டர். பூச்சியின் ஒரு பாதம் அப்படி ஒரு வீட்டின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கட்டும். முழு உருவத்தைக் காட்டவே வேண்டாம்.

இந்த வித்தையை மங்காவுக்கு முன்பே செய்தவர் மரச்செதுக்கு ஓவியர் உதகாவா குனியோஷி. 1840-களின் நடுவில் அவர் செய்த ஒரு படத்தில், பாழடைந்த அரண்மனையின் மூங்கில் திரையைக் கிழித்துக்கொண்டு ஒரு மாபெரும் எலும்புக்கூடு எட்டிப் பார்க்கிறது. கீழே சண்டையிடும் மனிதர்கள் அதன் தலை அளவுதான். மூலக்கதையில் வருவது ஆளுயர எலும்புக்கூடுகளின் ஒரு கூட்டம். குனியோஷி கூட்டத்தைக் கலைத்து ஒற்றை எலும்புக்கூடாக்கினார். மூன்று தாள்களைச் சேர்த்துப் பார்க்கிற படம் அது. எலும்புக்கூடு ஒரு தாளில் அடங்காமல் அடுத்ததற்கு வழிகிறது. இடுப்புக்குக் கீழே எதுவும் கிடையாது. திரையை விலக்கும் விரல்களைப் பாருங்கள், அளவு முழுக்க அங்கே இருக்கிறது.

உடற்கூறிலும் கொஞ்சம் நேர்மை வேண்டும். பூச்சியின் ஆறு கால்களும் நெஞ்சிலிருந்துதான் கிளம்பும், வயிற்றிலிருந்து ஒன்றுகூடக் கிடையாது. எத்தனையோ படங்களில் வயிற்றில் கால் முளைத்திருக்கும். எடையின் கதை இன்னும் வேடிக்கை. ஏழரை சென்டிமீட்டர் கும்பிடுபூச்சியை 15 மீட்டராக்கினால் நீளம் 200 மடங்கு, காலின் குறுக்குப் பரப்பு 40,000 மடங்கு, எடை 80 லட்சம் மடங்கு. ஐந்து கிராம் பூச்சி 40 டன் ஆகும். காலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட 200 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். நிஜத்தில் ஒடிந்து விழும். கற்பனைக் கதைக்கு இந்த ஒரு பொய்யை மன்னித்துவிடலாம். ஆனால் அந்த எடை தரையில் தெரிய வேண்டும். கால் பதித்த இடத்தில் மண் பிதுங்காமல் வரைந்தால் பூச்சி காகிதத்தில் செய்ததாகிவிடும். வேகமும் அப்படித்தான். நீண்ட கால் மெதுவாகத்தான் வீசும். பூச்சி ஒரு முறை காலைத் தூக்கி வைக்க மூன்று கட்டம் கொடுத்து, அதற்குள் சாமுராய் ஓடி, வழுக்கி, எழுந்துவிட வேண்டும்.

சரி, 70 சென்டிமீட்டர் வாளால் எதை வெட்டுவது? அதே 200 மடங்குக் கணக்கைப் போடுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள நடுக்கால் 20 முதல் 40 சென்டிமீட்டர் ஆகும். வாள் அதைக் கடந்துவிடும். ஐந்து மில்லிமீட்டர் நெஞ்சு ஒரு மீட்டராகிவிடும், வாள் எட்டாது. ஆகவே கால்மூட்டுதான் இலக்கு. மூட்டில் ஓடு கிடையாது, மடங்குவதற்காக மெல்லிய தோல்தான். கவசம் பூண்ட எதிரியின் அக்குளையும் முழங்கால் பின்புறத்தையும் குறிவைத்த வாள்வீரனுக்கு இது புதுப் பாடமும் அல்ல. ஒரே வீச்சில் பூச்சியை இரண்டாகப் பிளக்கிற காட்சி கண்ணுக்கு விருந்துதான். ஆனால் மூட்டு மூட்டாகச் சாய்க்கிற சண்டையில்தான் விறுவிறுப்பு அதிகம். ‘முஷிபுகியோ’வில் வெடிமருந்து வீசுகிற பெண்ணும், மந்திரம் தெரிந்தும் பூச்சியென்றால் நடுங்குகிற சிறுவனும் குழுவில் இருப்பதற்கு இந்த நீளக் குறையும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

வாளை வரையும்போது கவனிக்க இரண்டு விஷயம். சாமுராய் கட்டானாவை இடுப்பில் இடப்பக்கம், கூர் வானத்தைப் பார்க்கும்படி செருகுவான். கூர் கீழே பார்த்தால் அது தாச்சி, பழைய குதிரைவீரர் வாள், இடுப்பிலிருந்து தொங்கும். இரண்டாவது, கூர் போகும் திசையும் வீச்சின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை ‘ஹாசுஜி’ என்பார்கள். சற்றுச் சாய்ந்து பட்டால் வாள் வெட்டாது, வளைந்துவிடும். கெட்டி ஓட்டில் பட்டு வாள் முறிகிற காட்சி வேண்டுமானால், அந்தச் சாய்வை முந்தின கட்டத்திலேயே காட்டிவிடுங்கள். படிக்கிறவர் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார். இன்னொரு கோளாறும் உண்டு. அலகைப் பிடியோடு பிணைப்பது ‘மெகுகி’ என்ற ஒரு மூங்கில் முளை, சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. அது தளர்ந்தால் வீச்சின் நடுவில் அலகு பிடியைவிட்டுப் பறந்துவிடும். 40 டன் எதிரிக்கு முன்னால் வெறும் பிடியோடு நிற்கிறவனை வரைய இதைவிட நியாயமான காரணம் கிடையாது.

கடைசியாகத் தாள். மங்காவின் மூலத்தாள் பி4, ஏ4-ஐவிடப் பெரியது. அதில் இறுதியாக வெட்டப்படும் அளவு 220-க்கு 310 மில்லிமீட்டர், உள்சட்டகம் 180-க்கு 270. தொகுப்பு நூலாக வரும்போது உயரம் 174 மில்லிமீட்டருக்குச் சுருங்கும், கிட்டத்தட்ட 56 சதவீதம். அப்போது மிக மெல்லிய கோடுகள் அறுந்துபோகும், நெருக்கமான சாம்பல் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருத்துவிடும். சாம்பல் நிழலுக்காக ஒட்டும் புள்ளித்தாள்களை ஒன்றின் மேல் ஒன்று கோணம் மாற்றி ஒட்டினால் வேண்டாத அலை வடிவமும் சேர்ந்து வரும்.

தாக்குதல் கட்டத்தில் எல்லாக் கோடுகளும் ஒரு புள்ளியை நோக்கி ஓடுமே, அதற்கு அந்தப் புள்ளியில் ஒரு குண்டூசியைக் குத்தி, அளவுகோலை அதில் சாய்த்துச் சாய்த்து இழுப்பார்கள். எல்லாக் கோடும் ஒரே தூரத்தில் நின்றால் வண்டிச் சக்கரம்போலத் தெரியும். கொத்துக் கொத்தாக, நீளம் மாற்றி நிறுத்த வேண்டும்.

பூச்சியின் முதல் வருகை எந்தப் பக்கத்தில்? ஜப்பானிய நூல் வலமிருந்து இடம். பக்கத்தைப் புரட்டியதும் முதலில் கண் விழுவது வலப்பக்கத்தில். ஆகவே முந்தின இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் சாமுராய் நிமிர்ந்து எதையோ பார்க்கட்டும், புரட்டியதும் இரட்டைப் பக்கம் நிறையப் பூச்சி. ஆனால் இரண்டு பக்கமும் சேருமிடத்தில் சில மில்லிமீட்டர் பைண்டிங்குக்குள் போய்விடும். அங்கே பூச்சியின் வயிறு போனால் போகட்டும். சாமுராயை அங்கே வைத்துவிடாதீர்கள். நாம் போட்ட கணக்கில் அவன் உயரம் 2 சென்டிமீட்டர், வாள் 9 மில்லிமீட்டர். அச்சில் சுருங்கிய பிறகு அந்த வாள் வெறும் 5 மில்லிமீட்டர் கோடு.

வணக்கம்.