முகூர்த்த நாளில் எண்ணுங்கள்

மாமன்ற உறுப்பினர்கள், கட்டடப் பொறியாளர்கள், கல்யாண மண்டபம் கட்ட நினைப்பவர்கள் எல்லோரும் ஒரே அவையில் இருக்கிறீர்கள். வணக்கம். நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

கும்பகோணம், வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் நடுவில் அமைந்த ஊர். இந்த இரண்டு பக்கமிருந்தும் பாலம் ஏறாமல் ஊருக்குள் வர முடியாது. உள்ளே இருப்பவையோ தேர் ஓடிய வீதிகள். 2028 மகாமகத்துக்கு நிச்சயம் போக்குவரத்துத் திட்டம் போடுவோம். சாலையோர வயலில் எழும்பும் ஒவ்வொரு மண்டபத்துக்கும் அதே அக்கறை வேண்டும் என்கிறேன்.

முதலில், மண்டபத்துக்கு வரும் கூட்டத்தைச் சாலை தாங்குமா என்று பார்க்க எந்த நாளில் வண்டிகளை எண்ணுவது? ஆடி மாதச் செவ்வாய்க்கிழமையில் எண்ணினால் சாலை காலியாகத்தான் தெரியும். அப்போது கல்யாணமும் இல்லை, சம்பா அறுப்பும் இல்லை. தை மாத முகூர்த்த நாளில், மாலை 6 மணிக்குப் பாலத்து முனையில் நின்று எண்ணுங்கள். நெல் மூட்டையோடு டிராக்டர் கொள்முதல் நிலையத்துக்குப் போகும், அறுவடை எந்திரம் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு வரும், பின்னாலேயே வரவேற்புக்கு வரும் கார்கள். அந்தக் கணக்குதான் உண்மைக் கணக்கு.

சாலைகளுக்குத் தர அளவுகளை வகுக்கும் அமைப்பு இந்தியச் சாலை காங்கிரஸ். ஒரு வண்டி சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கு அது வைத்த கணக்கில் கார் 1 அலகு. பைக் அதிகம் ஓடும் சாலையில் ஒரு பைக் 0.75, டிரெய்லர் கட்டிய டிராக்டர் குறைந்தது 4. ஓரத்தில் கடையும் வண்டி நிறுத்தமும் உள்ள இருவழி ஊர்ச்சாலை மணிக்கு 900 அலகு தாங்கும். 1,000 பேர் வரும் வரவேற்பில் 200 பேர் பஸ்ஸில், 400 பேர் இருவர் இருவராக பைக்கில், 400 பேர் நால்வர் நால்வராக காரில் வருவதாக வையுங்கள். 200 பைக், 100 கார். ஆக 250 அலகு. அதில் 150, ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் வந்தால், ஏற்கெனவே 800 ஓடும் சாலை 950-ல் திணறும்.

சாலை அகலத்தைவிட அதிகத் தொல்லை தருவது மண்டப வாசல். வாழைமரம் கட்டிய முகப்பில் கார் நிற்கும். பாட்டியைக் கைப்பிடித்து இறக்கி, தாம்பாளத்தை வாங்கி, குழந்தையின் செருப்பைத் தேடி எடுக்க 30 விநாடி ஆகிவிடும். நிமிடத்துக்கு 2 கார் நகர, 3 கார் வந்து சேர்ந்தால் பத்தே நிமிடத்தில் 10 கார் தேங்கும். காருக்கு 6 மீட்டர் வைத்தால் சாலையில் 60 மீட்டர் வரிசை. ஆகவே ஆள் இறங்கும் இடத்தை 60 மீட்டர் உள்ளே தள்ளுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு கார் நிற்க இடம் விடுங்கள்.

அடுத்தது வாய்க்கால். டெல்டாவில் சாலைக்கும் வயலுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு வாய்க்கால் ஓடும். அதன்மேல் 4 மீட்டர் பாலம் போட்டால், ஒரு கார் வெளியே வரும்வரை உள்ளே போகும் கார் சாலையிலேதான் நிற்கும். 7 மீட்டராவது வேண்டும். இல்லையேல் வரவும் போகவும் தனித்தனிப் பாலம். செலவை மிச்சப்படுத்த சிமெண்ட் குழாயைப் பதித்து மண்ணைக் கொட்டாதீர்கள். ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ளும், கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது, ஐப்பசி மழையில் அதே நீர் சாலையில் ஏறும். வாய்க்காலின் முழு அகலத்துக்குப் பெட்டிப் பாலம், அதாவது பெட்டி வடிவக் கான்கிரீட் பாலம், கட்டுங்கள், அடித்தளம் வாய்க்கால் தரைக்கு மேலே தூக்காமல். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும்.

இவற்றைத் திட்ட அனுமதியிலேயே நிபந்தனையாக எழுதுங்கள். பணி நிறைவுச் சான்றில் கையெழுத்துப் போடும் முன் ஒருவர் டேப்போடு போய், வாசலிலிருந்து இறங்குமிடம் வரை அளந்து பார்க்கட்டும்.