சேற்றின் நடுவே நடங்கள்

வணக்கம் நேயர்களே. நகரத்துக்குள் இருக்கும் காடுகளில் நடப்பதைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன ஷூ போடுவது, குரங்கு வந்தால் என்ன செய்வது, குழந்தைகளை எப்படி அழைத்துப்போவது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் முதலில் சேற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் "ஆரம்பிச்சாச்சு" என்று இந்நேரம் ரேடியோவை அணைத்திருப்பார்கள்.

மழை விட்ட மறுநாள் காலை. பாதை நடுவில் தண்ணீர் தேங்கிச் சேறாகக் கிடக்கிறது. என்ன செய்வீர்கள்? ஓரத்தில் இருக்கும் செடியின் மேல் கால் வைத்து, ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சுற்றிப்போவீர்கள். எல்லோரும் செய்வதுதான், நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன், செடியை மிதிக்கிறோம் என்றுகூட மனசில் படாமல்.

ஒருநாள் புது ஷூ. வாங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. சேற்றைப் பார்த்ததும் வழக்கம்போல ஓரத்தில் ஏறினேன். பின்னாலிருந்து "தம்பி, ஒரு நிமிஷம்" என்று ஒரு குரல். அந்தக் காட்டில் வேலை பார்க்கும் பெரியவர், கையில் மண்வெட்டி. பாம்பு ஏதோ கிடக்கிறது போல என்று அப்படியே நின்றுவிட்டேன். அவர் என்னைப் பத்தடி பின்னால் கூட்டிப்போய் ஒரு மரத்தைக் காட்டினார்.

"இந்த மரம் எங்க நிக்குது?"

"பாதைக்கு நடுவுல."

"நான் வேலைக்குச் சேர்ந்தப்ப ஓரத்துல நின்னுச்சு. மரம் நடந்தா வந்துச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. மண்வெட்டியைப் பாதையின் குறுக்கே கிடத்தி, எடுத்து, மறுபடி கிடத்தி, மூன்று தடவை கிடத்தியதும்தான் அந்தப் பக்கம் வந்தது. "முன்னாடி பாதையோட அகலம் இது ஒண்ணுதான்" என்றார். அந்த மரத்தின் வேர்கள் மண்ணுக்கு மேலே தெரிந்தன, ஆட்கள் மிதித்து மிதித்துப் பழைய வீட்டு மாடிப்படிக் கைப்பிடி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தன. அப்புறம் கீழே கிடந்த குச்சி ஒன்றை எடுத்துப் பாதையில் குத்தினார். வளைந்து முறிந்தது. இன்னொன்றை எடுத்து, பாதையை விட்டு இரண்டடி தள்ளி, சருகுக்குள் குத்தினார். ஒரு விரல் ஆழத்துக்குச் சத்தமில்லாமல் இறங்கியது.

அந்த இரண்டு குச்சியில்தான் விஷயமே இருக்கிறது. நல்ல காட்டு மண்ணில் பாதி வெறும் இடைவெளிதான். காற்றும் தண்ணீரும் போகிற சந்து பொந்துகள். நாம் நடக்க நடக்க அவை அமுங்கி மூடிக்கொள்கின்றன. பிறகு மழை பெய்தால் தண்ணீருக்கு உள்ளே போக வழியில்லை, பாதை வழியாகவே ஓடி, மேல் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது, வேர் வெளியே வருகிறது, பள்ளமான இடத்தில் தேங்கிச் சேறாகிறது. சேற்றைப் பார்த்து நாம் ஓரத்தில் நடக்கிறோம். இப்போது அந்த ஓரமும் அமுங்குகிறது, அடுத்த மழைக்கு அங்கேயும் சேறு. அதைத் தாண்ட அடுத்தவர் இன்னும் கொஞ்சம் தள்ளி நடக்கிறார். சேற்றுக்குப் பயந்து சேற்றை வளர்க்கிறோம். திரும்பச் சொல்கிறேன், ஓரத்தில் நடந்துதான் வளர்க்கிறோம்.

பெரிய காட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. நகரக் காடு சின்னது, நாலு பாதை இருந்தால் அதிகம், ஞாயிற்றுக்கிழமை மொத்த ஊரும் அந்த நாலு பாதையில்தான் நடக்கிறது.

சின்னதாக இருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சதுரமான ஒரு கைக்குட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை நான்கு சின்னச் சதுரமாகக் கிழித்தால் துணி அதே அளவுதான், ஆனால் ஓரம் இரண்டு மடங்கு ஆகிவிடும். காட்டின் ஓரத்தில்தான் வெயிலும் காற்றும் களையும் நுழைகின்றன. சிங்கப்பூரின் புக்கிட் தீமா இயற்கை வனத்தை 1986இல் ஓர் அதிவேகச் சாலை பக்கத்துக் காட்டிலிருந்து துண்டித்துவிட்டது. 2013இல் அந்தச் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்துக்கு மரம் செடி நட்ட பாலம் ஒன்றைக் கட்டி மறுபடி இணைத்தார்கள். எறும்புதின்னிகள்கூட அதைக் கடந்துபோயிருக்கின்றன. அதே வனத்தைத்தான் 2014 செப்டம்பரில் மூடினார்கள். பாதையும் சரிவும் அரித்துப்போயிருந்தன. முழுசாகத் திறக்க 2016 அக்டோபர் ஆகிவிட்டது. பார்த்தீர்களா, மறுபடி பாதைக்கே வந்துவிட்டேன்.

சரி, அந்தப் பெரியவர். நான் என் ஷூவைக் குனிந்து பார்த்தேன், அவரும் பார்த்தார். "கழுவுனா போயிரும்" என்று சொல்லிவிட்டு, தானே சேற்றுக்கு நடுவில் இறங்கி, கணுக்கால் முங்க, சாவகாசமாக நடந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். வேறு வழி? நானும் இறங்கினேன். சாக்ஸுக்குள் முதலில் சில்லென்று தண்ணீர் ஏறும் அந்த ஒரு விநாடிதான் கஷ்டம். அதற்குப் பிறகு எந்தச் சேறும் ஒன்றும் செய்வதில்லை, ஏற்கெனவே நனைந்தவனுக்கு என்ன.

இதில் ஒரு விதிவிலக்கு. முழங்கால் ஆழம் போகிற சேறு என்றால் வீரம் வேண்டாம், திரும்பிவிடுங்கள், இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு வாருங்கள்.

பிரேசிலில், ரியோ டி ஜனெய்ரோ நகருக்குள் இருக்கும் திஜூகா காட்டைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். காபி பயிரிட மலையை மொட்டையடித்து, ஊருக்குத் தண்ணீர் வற்றியதும், 1861இல் மறுபடி மரம் நடச் சொல்லி உத்தரவு போட்டார்கள். அந்த வேலை ஆர்ச்சர் என்பவர் தலைமையில் தொடங்கியது, ஆனால் ஆரம்பத்தில் குழி தோண்டி நட்டவர்கள் அடிமைகளாக இருந்த ஒரு சிலர். அந்த மனிதர்களைப் பற்றியே தனியாக ஒரு நாள் பேச வேண்டும். இன்றைக்கு அந்த நிழலில் மக்கள் நடக்கிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். வேகமாகச் சொல்கிறேன்.

ஷூ: அடிப்பாகம் தேயாத பழைய ஷூ போதும். கிளம்பும் முன் அதில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டிவிடுங்கள். வெளியிலிருந்து களை விதை நம் காலோடும் காட்டுக்குள் போய்விடுகிறது. குரங்கு: பிளாஸ்டிக் பையைக் கையில் வைத்துக்கொண்டு சரசரக்க வேண்டாம், அந்தச் சத்தம் அதற்குச் சாப்பாட்டு மணி. பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், மிரட்டுவதாக எடுத்துக்கொள்ளும். நேரம்: மரத்தடியில் வெளியைவிடச் சீக்கிரம் இருட்டிவிடும், அதைக் கணக்குப் போட்டுத் திரும்புங்கள்.

குழந்தைகள் பற்றி... ஒரு விரல் காட்டுகிறார்கள். அவர்களுக்குச் சேற்றில் இறங்கச் சொல்லித்தரவே வேண்டாம், அது தானாக நடக்கும். மாற்று சாக்ஸ் மட்டும் ஒரு ஜோடி பையில் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.