நான்காவது எண்ணும் மட்டமான சுருட்டும்

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பிளஸ் ஒன் பிள்ளைகளே, வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்தீர்கள். அதற்குத் தனி நன்றி.

அணுவிலுள்ள ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் முகவரி போல அமையும் நான்கு குவாண்டம் எண்கள் பற்றி மூன்று செய்திகள் சொல்கிறேன்: அவை என்ன, எப்படி வந்தன, தனிம வரிசை அட்டவணையை எப்படிக் கட்டுகின்றன.

முதலாவது உங்களுக்கே மனப்பாடம். முதன்மை எண் ஆற்றல் மட்டத்தையும், கோண உந்த எண் ஆர்பிட்டாலின், அதாவது எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள பகுதியின், வடிவத்தையும், காந்த எண் அதன் திசையமைப்பையும் சொல்லும். நான்காவதான தற்சுழற்சி எண், எலக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுவது போன்ற பண்பைச் சொல்லும்; அது கூட்டல் அரை, இல்லையேல் கழித்தல் அரை. ஓர் அணுவில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு நான்கு எண்ணும் ஒன்றாக இராது என்பது 1925இல் இயற்பியலாளர் பௌலி கண்ட விதி. சரி, ஒப்பித்துவிடுவீர்கள். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

இரண்டாவது செய்திக்கு ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டுக்கு வாருங்கள். ஸ்டெர்ன், கெர்லாக் என்று இரண்டு இயற்பியலாளர்கள். சோதனைக்குக் காசில்லை. இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் ஐன்ஸ்டைனின் சார்பியல் பற்றிக் கட்டணச் சொற்பொழிவு நடத்திப் பணம் சேர்த்துக் கொடுத்தார். (இங்கே கட்டணம் கிடையாது, பயப்படாதீர்கள்.) வெள்ளியை உலையில் ஆவியாக்கி, காந்தப் புலத்தின் வழியே கண்ணாடித் தட்டில் படியவிட்டார்கள். தட்டை வெளியே எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை! ஸ்டெர்ன் குனிந்து உற்றுப் பார்க்க, வெள்ளி மெல்ல மெல்லக் கறுத்துத் தெரிந்ததாம். சம்பளம் குறைவு என்பதால் அவர் பிடித்தது மட்டமான சுருட்டு. அதிலிருந்த கந்தகம் வெள்ளியை வெள்ளி சல்பைடாக்கிவிட்டது. பின்னாளில் அவரே சொன்ன கதை. பிள்ளைகளே, வேதியியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சுருட்டு வேண்டாம்.

1922இல் வெள்ளி அணுக்களின் கற்றை காந்தப் புலத்தில் இரண்டாகப் பிரிந்தது உறுதியானது. வெள்ளியில் 47 எலக்ட்ரான்கள். 46 ஜோடி சேர்ந்துவிடும். மிஞ்சிய ஒன்றுக்கு முதன்மை எண் ஐந்து, கோண உந்த எண்ணும் காந்த எண்ணும் சுழியம். அந்த மூன்று எண்களின்படி கற்றை பிரியவே கூடாது; அப்புறம் எது பிரித்தது? 1925இல் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரு இயற்பியலாளர்கள் தற்சுழற்சியை முன்வைத்த பிறகுதான் விடை தெளிந்தது. நான்காவது எண் ஆய்வகத் தட்டில் ஏற்கெனவே கறுத்துக் கிடந்தது, ஐயா!

நம் ஆய்வகத்தில் கிடப்பது பூட்டு. சோடியம் உப்பு சுடரில் மஞ்சளாக ஒளிர்வதைப் பார்க்காத பிள்ளைக்கு ஆற்றல் மட்டம் எப்படிப் புரியும்? ஏட்டுச் சுரைக்காயைத்தான் எத்தனை நாள் பரிமாறுவது? வாரம் இரண்டு பாடவேளை ஆய்வகம் திறந்திருக்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன்.

மணி அடித்துவிட்டார்கள், மூன்றாவது செய்தி இன்னொரு நாள். வாசல் மேசையில் மனு இருக்கிறது. ஊராட்சித் தலைவர் முதல் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார். பெற்றோர்களும் போட்டுவிட்டுப் போங்கள், பேனா அங்கேயே இருக்கிறது.