ஏழு வயதுப் பிள்ளைக்குச் சமத்துவம் புரியுமா?

தேவகோட்டைப் பக்கத்தில் இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “ஏழு வயதுப் பிள்ளைக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாது. சமத்துவம் என்று பாடம் எடுக்கப்போய், தெரியாததை நாமே தெரியவைத்தது போல ஆகிவிடாதா?” அக்கறையோடு கேட்கப்பட்ட கேள்வி, படித்ததிலிருந்து மனத்தைவிட்டு அகலவில்லை.

அம்மா, அந்தப் பிள்ளைக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டு, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் அவை. பாத்திரம் துலக்கப் போகும் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும் பிள்ளை, தான் எந்த வாசலில் நுழைய வேண்டும், எந்த நிலைப்படியோடு நின்றுவிட வேண்டும் என்பதைப் பள்ளியில் சேரும் முன்பே பார்த்துப் படித்துவிடுகிறது. அந்த வீட்டுப் பிள்ளையும் அதே பாடத்தை உள்ளே நின்றபடி படிக்கிறது.

தொடர்ந்து பார்க்கும் நேயர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது தெரிந்திருக்கும். பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதைத்தான் கவனிக்கிறார்கள். “தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்” என்று பாடநூலின் முன்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் துடைப்பத்தை எடுக்க யாரை அழைக்கிறோம்? தண்ணீர்க் குடம் கொண்டுவர யாரை அனுப்புகிறோம்? துடைப்பத்துக்கு எப்போதும் ஒரே பிள்ளையையும், குடத்துக்கு எப்போதும் வேறொரு பிள்ளையையும் அழைத்தால், அன்றைய பாடம் அங்கேதான் நடக்கிறது.

ஆகவே தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முறையை மாற்றினால் போதும். பள்ளிகளில் சாதி வேறுபாட்டைக் களைவதற்காகத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்களை அகர வரிசைப்படி அமர்த்தச் சொன்னது. எளிய ஏற்பாடுதான், ஆனால் ‘நான் ஏன் இவன் பக்கத்தில் உட்கார வேண்டும்’ என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் பந்தியிலும் அதே வரிசையைக் கடைப்பிடியுங்கள். வகுப்பைப் பெருக்குவதும் அதே வரிசையில், ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்று பாராமல் நடக்கட்டும். வேற்றுமையை மதிப்பதற்கும் இதுவே வழி: பொங்கலைப் பற்றிப் பேசும் வகுப்பில் நோன்புக் கஞ்சியைப் பற்றியும் பேசுங்கள், ஆனால் அந்த வீட்டுப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி விளக்கச் சொல்லி, அதைக் காட்சிப்பொருள் ஆக்கிவிடாதீர்கள். விரும்பினால் அதுவே சொல்லும்.

நீங்கள் இன்னொன்றையும் கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை: பெரியவர்களுக்கு இதை யார் கற்பிப்பது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கும் உரிய பங்கு உண்டு. காகிதத்தில் அவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தன்று நாற்காலியில் யார் அமர்கிறார், சுவரோரமாக யார் நிற்கிறார் என்று பாருங்கள். பாத்திரம் துலக்கும் அந்தத் தாயும் உறுப்பினர்தான். வேலைக்கு லீவு போடாமல் அவர் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வைத்து, முதல் வரிசையில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.