உங்கள் எடைக்கு எத்தனை லிட்டர்? நின்று துடுப்புப் போடும் பலகையைத் தேர்ந்தெடுக்கும் முன்

[காட்சி: சென்னை அருகே கோவளம் கடற்கரை, விடிந்த சற்று நேரம். ஒரே பலகையில் இருவர் அடுத்தடுத்து ஏறி நிற்கிறார்கள்.]

வணக்கம். இந்த இரண்டு பேரையும் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் ஏறியவர் 60 கிலோ. பலகை தண்ணீருக்கு மேலே தெளிவாகத் தெரிகிறது, அவரும் நிமிர்ந்து நிற்கிறார். இப்போது ஏறுபவர் 90 கிலோ. பலகை அதேதான். ஆனால் சின்ன அலை வந்தாலே விளிம்பு உள்ளே போகிறது, பாதத்தின் மேல் தண்ணீர் ஏறுகிறது, முழங்கால் நடுங்குகிறது. திறமையில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. பலகை ஒருவருக்குப் பொருந்துகிறது, இன்னொருவருக்குப் பொருந்தவில்லை.

கடையில் கேட்டால் முதலில் நீளத்தைத்தான் சொல்வார்கள்: பத்தடி, பத்தரை அடி என்று. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது லிட்டர்.

[காட்சி: பலகையின் அடிப்பக்கம். அதில் அச்சிட்டிருக்கும் ‘110 லி’ என்ற எண் நெருக்கமாக.]

இந்த எண்தான் பலகையின் வால்யூம், அதாவது அதன் கன அளவு. ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறக்குறைய 1.025 கிலோ. அப்படியானால் இந்த 110 லிட்டர் பலகை முழுவதும் மூழ்கினால், கடல் அதை சுமார் 113 கிலோ அளவுக்கு மேலே தள்ளும். நம் நண்பர் 90 கிலோ, பலகை 9 கிலோ. மிச்சம் 14 கிலோதான். அமைதியான நீரில் அது போதும், அலை புரட்டும்போது போதாது. இன்னொன்று: ஏரி, ஆறு போன்ற நன்னீரில் இதே பலகை இன்னும் கொஞ்சம் தாழும்.

[காட்சி: கரையில் கிடக்கும் பழைய கட்டுமரம்.]

நம் கரைக்கு இது புதிய கணக்கு இல்லை. இரண்டு பேர் போகும் மரத்துக்கும் நான்கு பேர் வலையோடு போகும் மரத்துக்கும் கட்டைகள் ஒன்றாக இருக்காது. சுமை கூடினால் மரமும் கூட வேண்டும். அதைத்தான் இப்போது லிட்டரில் எழுதுகிறார்கள்.

சரி, எத்தனை லிட்டர் வேண்டும்? அலையில் ஓட்டும் கடினப் பலகைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. அலைக்குப் புதியவர் என்றால் உங்கள் எடையை 2-ஆல் பெருக்குங்கள். அலையைப் பிடித்துத் திருப்பத் தெரிந்துவிட்டால் 1.5. நன்றாகப் பழகியவருக்கு 1.2. எண்பது கிலோ ஆள் 160 லிட்டரில் தொடங்கி, 120-க்கு வந்து, பிறகு 96 வரை இறங்கலாம். அந்த 96-இல் அவர் நிற்கும்போது பலகை கிட்டத்தட்ட நீருக்குள்தான் இருக்கும், துடுப்பு ஓடிக்கொண்டே இருந்தால்தான் நிலைக்கும். அதற்கு வருடங்கள் பிடிக்கும். எடையைச் சொல்லும்போது குறைத்துச் சொல்லாதீர்கள். நனைந்த உடை, உயிர்காப்பு அங்கி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

லிட்டர் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. ஐம்பது கிலோ ஆள் 200 லிட்டர் பலகையில் ஏறினால், அது நீர்மேல் உயர்ந்து நின்று காற்றுக்கு முகம் கொடுக்கும். திருப்பினால் திரும்பாது. மதியம் கடல்காற்று எழும்பிவிட்டால், நீங்கள் ஒரு பக்கம் துடுப்புப் போட பலகை இன்னொரு பக்கம் போகும்.

[காட்சி: மேலிருந்து எடுத்த காட்சி. மூன்று பலகைகள் அருகருகே, அகலம் மட்டும் வேறு.]

மிதப்பது லிட்டரால், ஆடாமல் நிற்பது அகலத்தால். பொதுப் பயன்பாட்டுக்கு 31 முதல் 33 அங்குலம் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். இருவர் ஒரே எடையாக இருந்தாலும் உயரமானவருக்கு ஓர் அங்குலம் கூட இருந்தால் நிம்மதி, ஏனென்றால் அவர் உடலின் பாரம் மேலே இருக்கிறது. ரொம்பவும் அகலமாக எடுத்துவிட்டால் வேறொரு தொல்லை: துடுப்பை நேராக இறக்க முடியாது, ஒவ்வொரு வீச்சிலும் பலகை பக்கவாட்டில் திரும்பும், தோள் வலிக்கும்.

[காட்சி: முட்டுக்காடு காயல். அசையாத நீர்.]

இப்போது உங்கள் பாணி. கோவளத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி முட்டுக்காடு. கோவளத்தில் அலை, முட்டுக்காட்டில் குளம் போன்ற காயல். இரண்டுக்கும் வேண்டியது வெவ்வேறு பலகை. அலைக்கு ஏழரை முதல் ஒன்பது அடி, மூக்கு மேல்நோக்கி வளைந்தது, வாலில் மூன்று ஃபின் (அடியில் நீருக்குள் நீட்டி நிற்கும் சிறு தகடு). அமைதியாக நீண்ட அலையில் வழுக்கிப் போக விரும்பினால் பத்தடியும் உருண்ட மூக்கும். காயலில் தூரம் போக 11 முதல் பன்னிரண்டரை அடி, படகு போலக் கூர்மையான மூக்கு, நடுவில் பெரிய ஒற்றை ஃபின். பந்தயப் பலகை 14 அடி வரை போகும், அகலம் 25 அங்குலம் போல. அதைத் தொடக்கத்தில் தொட வேண்டாம்.

பத்தில் எட்டு முறை எந்த நீருக்குப் போவீர்களோ, அதற்கு வாங்குங்கள். மீதி இரண்டு முறைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

[காட்சி: காற்றடைக்கும் பலகையை இரண்டு நாற்காலிகள் மேல் வைத்து, நடுவில் ஒருவர் அழுத்துகிறார்.]

காற்றடைக்கும் பலகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் முதலில் வாங்குவது அதைத்தான். அடுக்குமாடி வீட்டில் மடித்து வைக்கலாம், பேருந்திலும் எடுத்துப் போகலாம். என் முதல் பலகையும் அதுதான், ஆறு அங்குலத் தடிமன். காயலில் அதை இன்றும் விரும்புகிறேன். அலைக்குக் கொண்டுபோன அன்றுதான் புரிந்தது: விளிம்பு முழுக்க உருண்டையாக இருப்பதால் அது அலையின் சரிவைக் கவ்வவில்லை, பக்கவாட்டில் வழுக்கியது.

இதன் லிட்டர் எண்ணைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். தடிமனால் 250-க்கு மேல்கூடக் காட்டும். முன்னே சொன்ன பெருக்கல் இதற்குப் பொருந்தாது. இங்கே பார்க்க வேண்டியது தயாரிப்பாளர் குறிப்பிடும் அதிகபட்சச் சுமையும் விறைப்பும். நீங்கள் ஏறியதும் நடுவில் தொய்ந்து இரு முனையும் தூக்கினால், அது உங்கள் எடையைத் தாங்கவில்லை. குறிப்பிட்ட அழுத்தம் வரை, பெரும்பாலும் 12 முதல் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), முழுதாக அடியுங்கள். கடைசி நான்கைந்து பிஎஸ்ஐ அடிக்கும்போதுதான் கை வலிக்கும், பலகைக்கு விறைப்பு வருவதும் அப்போதுதான். வெயில் மணலில் அடைத்த காற்றோடு போட்டுவிடாதீர்கள், சூட்டில் அழுத்தம் ஏறும்.

[காட்சி: ஒருவர் பலகை நடுவில் உள்ள கைப்பிடிக்கு இருபுறமும் கால் வைத்து நிற்கிறார்.]

பணம் கொடுக்கும் முன் தண்ணீரில் சோதியுங்கள். காலில் லீஷ், அதாவது பலகையோடு இணைக்கும் கயிறு, கட்டி, அமைதியான நீரில் கைப்பிடியின் இருபுறமும் நின்று, துடுப்பை உயர்த்திப் பிடித்து இருபது வரை எண்ணுங்கள். மூக்கும் வாலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, பாதம் காய்ந்திருக்கிறதா என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே பக்கமாக ஆறு வீச்சு போட்டு, எவ்வளவு திரும்புகிறது என்று பாருங்கள். அதே பலகையில் உங்களைவிட முப்பது கிலோ கூடியவரோ குறைந்தவரோ சொல்லும் கருத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.