கடலில் கொட்டிய குருணை

வணக்கம் நேயர்களே. கடலில் பிளாஸ்டிக் என்றதும் கேரி பேக்கும் தண்ணீர் பாட்டிலும்தான் நம் ஞாபகத்துக்கு வரும். யார் போட்டது என்று கேட்டால், நாம்தான் என்று தலையைக் குனிந்துகொள்வோம். இன்று நான் பேச வந்திருப்பது, யாருமே தூக்கி எறியாத பிளாஸ்டிக்கைப் பற்றி.

வாளியோ குடமோ கவரோ, எதுவானாலும் முதலில் குருணையாகத்தான் ஆலைக்கு வருகிறது. ஜவ்வரிசி மாதிரி இருக்கும். இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர். நர்டில் என்பார்கள். மூட்டை மூட்டையாகக் கட்டி, கண்டெய்னரில் அடைத்து நாடு நாடாக அனுப்புகிறார்கள்.

2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் 1,486 கண்டெய்னர்களோடு கொழும்புக்கு வெளியே நின்றது. ஒரு கண்டெய்னரில் நைட்ரிக் அமிலம் கசிவது மாலுமிகளுக்கு முன்பே தெரியும். கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அதை இறக்கக் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. மே 20ஆம் தேதி தீ தெரிந்தது. நாள்கணக்கில் எரிந்து ஜூனில் மூழ்கியது. அதிலிருந்த குருணை மட்டும் சுமார் 1,680 டன். பதிவானவற்றிலேயே மிகப் பெரிய பிளாஸ்டிக் கசிவு இதுதான் என்றது ஐ.நா. குழு.

நீர்கொழும்புக்குத் தெற்கே சரக்குவ கடற்கரையில் மணல் தெரியாத அளவுக்குக் குருணை ஒதுங்கியது. பாதுகாப்பு உடை போட்டவர்கள் முதலில் மண்வெட்டியால் வாரினார்கள். அது சுலபமான பகுதி. அப்புறம் வந்ததுதான் சல்லடை வேலை: மணலை அள்ளிச் சலித்து, நின்றதைச் சாக்கில் போட வேண்டும். சலித்து முடித்த இடத்தில் அடுத்த அலை மறுபடி கொண்டுவந்து போடும். தீயில் உருகிய குருணையோ கறுத்துக் கட்டிதட்டிக் கல் மாதிரி ஆகிவிட்டது. அது கண்ணுக்கே தப்பிவிடும். நச்சும் அதில்தான் அதிகம். அந்தக் கரையோரத்தில் மீன்பிடிக்கவும் தடை போட்டார்கள். எதையும் எறியாத மீனவர்தான் முதலில் தொழிலை இழந்தார்.

சரி, வாரி முடித்தால் தீர்ந்ததா? பிளாஸ்டிக் மக்காது, பொடியாகும், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. தண்ணீரில் கரைந்து பரவியிருக்கும் பி.சி.பி. என்ற தொழிற்சாலை ரசாயனம், டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி போன்ற நஞ்சுகளைக் குருணை தன்மேல் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். சுற்றியுள்ள நீரில் இருப்பதைப் போலப் பல லட்சம் மடங்கு சேரலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001லேயே காட்டினார்கள். மீன் முட்டை என்று நினைத்து அதை விழுங்கும் உயிர்களுக்கு அந்த நஞ்சும் சேர்ந்தே போகிறது.

என்னைக் கேட்டால், இதில் பெரிய அநியாயம் சட்டத்தில் இருக்கிறது. கப்பலில் அமிலம் ஏற்றினால் ஆபத்தான சரக்கு. எங்கே அடுக்குவது என்பதற்கே விதி உண்டு. பிளாஸ்டிக் குருணை அந்தப் பட்டியலில் இல்லை. 2024ல்தான் சர்வதேச கடல்சார் அமைப்பு, நல்ல உறையில் கட்டுங்கள், கூடுமானவரை மேல்தளத்துக்குக் கீழே வையுங்கள் என்று ஒரு பரிந்துரை தந்தது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. அடுத்த வருடமே, 2025 மே 25ஆம் தேதி, கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. அதன் குருணை கேரளக் கரையோடு நிற்காமல் கன்னியாகுமரிக்கும் தனுஷ்கோடிக்கும் வந்து சேர்ந்தது. எக்ஸ்-பிரஸ் பேர்ல் பற்றிய இலங்கை வழக்கிலோ, நூறு கோடி டாலர் இழப்பீடு தரச் சொல்லி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதே வருடம் ஜூலையில் உத்தரவிட்டது. கப்பல் நிறுவனம் தர மறுத்துவிட்டது.

கடற்கரைப் பக்கம் போகிற நேயர்கள் ஒன்று செய்யலாம். அலை ஏறி நின்ற கோட்டில், காய்ந்த பாசிக்கு நடுவே பாருங்கள். டோக்கியோவிலிருந்து நடக்கும் சர்வதேசக் குருணைக் கண்காணிப்புத் திட்டத்துக்கு, பொறுக்கிய குருணையைத் தபாலில் அனுப்பலாம். எந்தக் கரையில் எவ்வளவு நஞ்சு என்று சோதித்துப் பார்க்கிறார்கள். எடுக்கும்போது மஞ்சளித்ததாகப் பார்த்து எடுங்கள். வெள்ளை புதிது, மஞ்சள்தான் கடலில் நெடுநாள் கிடந்தது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இடத்தையும் தேதியையும் எழுதி வைக்க மறக்காதீர்கள். வணக்கம்.